காலுக்கு எந்தப் பாட்டு? நடக்க, ஓட, பாரம் தூக்க இசை தெரிவு செய்வோருக்கு

மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலத்தில் விடியப்புறம் நடக்கிறவர்களில் பலருக்குக் காதில் ஹெட்செட் இருக்கும். என்ன பாட்டுக் கேட்கிறீர்கள் என்று விசாரித்தால், "போனில கிடக்கிறதுதான்" என்பார்கள். நல்ல சப்பாத்துக்குக் கடை கடையாக ஏறி இறங்குகிற நாம் பாட்டை மட்டும் அகப்பட்டபடி விட்டுவிடுகிறோம். ஆசையோடு வோக்கிங் தொடங்குகிற எத்தனையோ பேர் சில கிழமையில் நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் நோவு இல்லை, அலுப்பு. அலுப்புக்கு இசையைவிட மலிவான மருந்து கிடையாது. ஊர் விளையாட்டுக் கழகப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறவன் என்ற முறையில், அந்த மருந்தை எப்படித் தெரிவு செய்வது என்று வடிவாக எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்குக் கனகாலமாக உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடைக்கும் ஓட்டத்துக்கும் தாளம் முதலாவது, பிடித்தம் இரண்டாவது, பாட்டின் சொல் மூன்றாவது. பாரம் தூக்குகிறவருக்கு இந்த வரிசை தலைகீழ். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சினிமாப் பாட்டை விட்டால் கதியில்லை என்ற எண்ணம் மாறும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாழ்கிறவர்களுக்கு வேறு நல்ல தெரிவுகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன.

தாளம் செய்யும் வேலை

இசை உடம்புக்கு இரண்டு வழியில் உதவுகிறது. களைப்பிலிருந்து கவனத்தைத் திருப்புவது ஒன்று. தட்டோடு காலைச் சேர்த்துக்கொண்டு போவது மற்றது. இலண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் கொஸ்டாஸ் கரஜோகிஸ் என்ற ஆய்வாளர் பல வருடங்களாக இதையே ஆராய்ந்திருக்கிறார். மிதமான வேகத்தில் செய்கிற பயிற்சியில், இசை இருந்தால் அதே வேலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இலேசாகத் தோன்றுகிறது என்பது அவருடைய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிற முடிவு. பெரும்பாலான பயிற்சிகளுக்கு நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டு வரையான பாட்டுப் பொருந்தும் என்கிறார். மூச்சு இரைக்க இரைக்க ஓடும்போது கதை வேறு. அப்போது நெஞ்சும் காலும் போடுகிற கூச்சலைப் பாட்டால் மூட முடியாது. கேட்கச் சந்தோசமாக இருக்கும், களைப்புக் களைப்பாகவே இருக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விசயமும் அல்ல. நியூயோர்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தைக் கவனித்த லெனர்ட் அயர்ஸ் என்பவர், பாண்ட் வாத்தியம் முழங்குகிற நேரங்களில் சைக்கிளோட்டிகள் கூடிய வேகத்தில் மிதித்ததை 1911இல் எழுதினார். 2010இல் வெளிவந்த ஒரு லிவர்பூல் ஆய்வில், சைக்கிள் மிதிக்கிற மாணவர்களுக்குப் போட்ட பாட்டுகளின் வேகத்தை 10 வீதம் கூட்டிப் பார்த்தார்கள். மாணவர்கள் கூடிய தூரம் மிதித்தார்கள், இசையும் அவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது. 10 வீதம் குறைத்தபோது எல்லாமே இறங்கியது. எதியோப்பிய ஓட்டவீரர் ஹெய்லி கெப்ரசெலாசி 1998இல் பேர்மிங்ஹாமில் 2000 மீற்றர் உள்ளரங்கச் சாதனையை முறியடித்தபோது, தனக்குப் பிடித்த துள்ளலான ஒரு பாட்டை அரங்கில் போடச் சொல்லி அதன் தாளத்துக்கு ஓடினார். உலகச் சாதனைக்காரருக்கே தேவைப்பட்ட உதவி, டச்சுக் கோட்டையைச் சுற்றி நடக்கிற நமக்கும் தேவைதான்.

ஆகவே பாட்டைத் தேடுமுன் உங்கள் காலடியை எண்ணுங்கள். வழக்கமான வேகத்தில் நடந்துகொண்டே 15 வினாடிக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று பார்த்து நாலால் பெருக்கினால் போதும். ஆறுதலாக நடக்கிறவருக்கு 100க்குக் கீழே வரும். விறுவிறு நடைக்கு 110 முதல் 130 வரை. ஓட்டத்துக்கு 160 முதல் 180 வரை போகும். பாட்டையும் அதே மாதிரித் தொடையில் தட்டி எண்ணுங்கள். இரண்டும் கிட்டக் கிட்ட வந்தால் அந்தப் பாட்டு உங்களுக்குச் சரி. 170 தட்டுள்ள பாட்டுக்கு எங்கே போவது என்று ஓடுகிற பிள்ளைகள் கேட்பார்கள். 85 தட்டுள்ள பாட்டை எடுத்து ஒரு தட்டுக்கு இரண்டு அடி வைத்தால் கணக்கு முடிந்தது.

சினிமாப் பாட்டு

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். தப்பே இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டுக்கு மனதைத் தூக்குகிற பலம் உண்டு, அந்தப் பலத்தை வேறெந்த இசையும் உடனே தந்துவிடாது. குத்துப் பாட்டுகளின் பறையும் தவிலும் காலை நிற்கவிடாது. புதிய பாட்டுகளில் பெரும்பாலானவை கணினியில் அளந்து செய்த தாளத்தில் ஓடுவதால் தொடக்கம் முதல் முடிவு வரை வேகம் ஒரே மாதிரி இருக்கும். பழைய பாட்டுகளில் வாத்தியக்காரர் ஒன்றாக இருந்து வாசித்ததால் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும். கேட்க அது இனிமை, காலடிக்கு அது இடைஞ்சல்.

குறை எங்கே என்றால், சினிமாப் பாட்டு நடப்பதற்கென்று செய்ததல்ல. பல பாட்டுகளில் முன்னிசை ஒரு வேகம், பல்லவி இன்னொரு வேகம், நடுவில் தாளமே நின்று வயலின் மட்டும் இழுக்கும், பிறகு திடீரென்று பாயும். காதுக்கு விருந்துதான். ஆனால் நடை அங்கங்கே அறுந்துபோகும். யூடியூப்பில் கேட்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, ஏறுகிற மூச்சில் விளம்பரம் வந்து விழும், போன் திரையை அணைத்தால் பாட்டும் நிற்கும். ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. அதிலும் காசு கட்டாமல் கேட்டால் விளம்பரம் உண்டு. பாலத்தில் நடக்கிற ஒரு அக்கா சொன்னது சரியாக இருந்தது: "நடக்கக்குள்ள பாட்டு நிண்டா காலும் நிண்டிரும் மனே." பாட்டுகளை முதல்நாளே போனில் இறக்கி வரிசையாக அடுக்கிக்கொள்வதே இதற்கு வழி. அரை மணி நடைக்கு ஏழு பாட்டளவு போதும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்கிற கிழமைக்கு 150 நிமிட மிதமான அசைவு என்பது, இப்படி அரை மணி ஐந்து நாள்.

பழைய மெல்லிசைப் பாட்டுகளை நான் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வைக்கச் சொல்வேன். முதல் ஐந்து நிமிடம் தசைகளை இளக்கவும், கடைசி ஐந்து நிமிடம் மூச்சை இறக்கவும் அவற்றுக்கு நிகரில்லை. நடு இருபது நிமிடத்துக்கு அவை உதவா.

கூத்துத் தாளம்

இதைத்தான் விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். நம்மூரில் இரவிரவாக ஆடுகிற கூத்து, இசையின் தாங்குபலத்துக்கு நம் கண்முன் இருக்கிற பெரிய சான்று. வடமோடிக் கூத்தில் கரப்புடுப்பும் கிரீடமும் சுமந்து, காலில் சதங்கை கட்டி, வட்டக்களரியில் ஆடுகிறவர் பலர் பகலில் வயலிலும் கடலிலும் பாடுபடுகிறவர்கள். அவர்களை விடியும்வரை நிமிர்த்தி வைத்திருப்பது கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும். அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்லுகிறார், ஆட்டக்காரர் அதை மிதிக்கிறார், வேகம் படிப்படியாக ஏறுகிறது, முடிகிற இடத்தில் தாளம் ஒரு தீர்மானத்தோடு விழுகிறது. உடற்பயிற்சிக்கு ஆய்வாளர்கள் கேட்பது இந்த அமைப்பையே: தெளிவான தட்டு, மெல்ல ஏறும் வேகம், காலோடு ஒன்றிப்போகும் ஒலி. அது காலுக்கென்றே உருவான இசை.

மோடி, அதாவது கூத்தின் பாணி, பார்த்துத் தெரிவு செய்யவேண்டும். வடமோடியில் போர்க் கதைகள் மிகுதி, ஆட்டத்தில் விறுவிறுப்பும் மிகுதி. வரவு ஆட்டத் தாளக்கட்டுகளும் போர்த் தருக்கள் என்ற பாட்டுகளும் விறுவிறு நடைக்கும் மெல்லோட்டத்துக்கும் அளவெடுத்தமாதிரிப் பொருந்தும். தென்மோடியில் பாட்டை நீட்டி இழுத்துப் பாடுகிற பாங்கு உண்டு. அதைப் பயிற்சி முடிந்து காலை நீட்டி இருக்கிற நேரத்துக்கு வைக்கலாம். இரண்டுக்கும் மேலாகப் புதிதாக நடக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது வசந்தன் கூத்து. கோலோடு கோல் அடிபடுகிற சத்தம் தட்டைத் தெளிவாகக் காட்டும், பாட்டுகள் சின்னச் சின்னவை, சந்தம் எளிது. தாள ஞானம் இல்லை என்று சொல்கிறவரின் காலும் இரண்டு நிமிடத்தில் சேர்ந்துவிடும். பறைமேளம் இன்னும் உக்கிரமானது. கடைசிச் சுற்றில் வேகம் கூட்டுகிற ஓட்டக்காரருக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள்.

குறையும் சொல்லவேண்டும். இணையத்தில் கிடைக்கிற கூத்துப் பதிவுகள் பல ஒலிபெருக்கிக்கு முன்னால் போனைப் பிடித்து எடுத்தவை. மத்தளம் பிளந்து கேட்கும், சனத்தின் இரைச்சல் கலக்கும், நடுவில் வசனமும் விருத்தமும் வந்து தாளத்தை நிறுத்தும். அப்படியே போட்டு நடக்க முடியாது, தாளப் பகுதியை வெட்டி எடுக்கவேண்டும். பிடித்தம் என்ற கேள்வியும் உண்டு. கூத்துப் பார்த்தே வளராத பிள்ளைக்கு முதல் நாளிலேயே இது பிடித்துவிடும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே ஒரு தாளக்கட்டைச் செருகிக் கொடுத்தால் கொஞ்ச நாளில் அவர்களே இன்னொன்று கேட்கிறார்கள்.

கூத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசவேண்டியது கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று ஏற்றுக்கொள்கிற அந்த இடத்தில் எல்லாக் கையும் ஒரே நேரத்தில் இழுக்கும். அடுத்த அடிக்கு முன் மூச்செடுக்க இடைவெளி இருக்கும். தனியாக ஹெட்செட்டில் கேட்பதற்கு இது உகந்ததல்ல. குழுவாகத் தண்டால் எடுக்கும்போது, கயிறிழுத்தலுக்குப் பழகும்போது, யாராவது ஒருவர் வாய்விட்டு அடி எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். விசில் ஊதி எண்ணுவதைவிடப் பிள்ளைகள் கூடுதல் தடவை செய்வார்கள்.

பைலாவும் பப்பரேயும்

போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வாழ்கிற ஊர் மட்டக்களப்பு. அவர்கள் ஆடுகிற கஃப்ரிஞ்ஞாவும் அதிலிருந்து வளர்ந்த பைலாவும் ஆறெட்டுத் தாளத்தில் ஓடுபவை. மூன்று மூன்றாகத் துள்ளுகிற அந்த நடை இடுப்பையும் தோளையும் சேர்த்து அசைக்கும். வீட்டுக்குள்ளேயே ஆடிப் பயிற்சி செய்கிற பெண்களுக்கும், மழை பிடித்து ரோட்டில் இறங்க முடியாத கார்த்திகை, மார்கழி மாதங்களுக்கும் இதை முதல் தெரிவாகச் சொல்வேன். நேர்கோட்டில் ஓடுகிறவருக்குச் சிலவேளை அடி பிசகும். பாடசாலைக் கிரிக்கெட் பிக் மெட்ச்சில் முழங்குகிற பப்பரே வாத்தியம் மனதைக் கிளப்பும், ஆனால் கால் மணிக்கு மேல் காது தாங்காது.

பக்திப் பாட்டும் கருவியில்லாத இசையும்

கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் உகந்தை முருகன் கோயிலில் கும்பிட்டு, குமண, யால காடுகளுக்குள்ளால் நாள்கணக்கில் நடக்கிறார்கள். வயதான அம்மாமார்கூட நடந்து முடிக்கிறார்கள். ஒருவர் "அரோகரா" எடுத்தால் வரிசை முழுவதும் திருப்பிச் சொல்லும், காவடிச் சிந்து பாடும்போது நடை தானாக எட்டும். பக்தி தருகிற உறுதியை எந்தப் பாட்டு வரிசையும் ஈடுசெய்யாது என்று நான் நம்புகிறேன். காலையில் தனியாக நடக்கிறவருக்கும் சிந்து, காவடிப் பாட்டுகள் நல்ல தெரிவு. தாளம் இல்லாத விருத்தங்களையும் மெதுவான தோத்திரங்களையும் நடைக்கு வேண்டாம் என்பேன். அவை இருத்தி வைக்கிற இசை.

காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் நடக்கிற முஸ்லிம் நண்பர்களில் சிலர் இசைக்கருவி கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரிவு குறைவு என்று நினைக்கத் தேவையில்லை. றபான் என்ற கைப்பறையின் தட்டும் குரலும் மட்டும் உள்ள கஸீதா என்ற புகழ்ப்பாட்டுகள் நடைக்கு அருமையான தாளம் தருபவை. களிகம்பாட்டப் பாடல்களில் கம்பு அடிபடுகிற ஒலியே தட்டாக நிற்கும். பயான் என்ற மார்க்கச் சொற்பொழிவு கேட்டு நடப்பவர்களும் இருக்கிறார்கள். அது நேரத்தை இனிதாகப் போக்கும், அடியை வேகப்படுத்தாது.

எஃப்.எம். வானொலிக்கும் அதையே சொல்லலாம். கதையும் விளம்பரமும் பாட்டும் கலந்து வருவதால் துணைக்கு நல்லது, வேகத்துக்கு நம்ப முடியாது.

ஜிம்மில்

பாரம் தூக்குவதில் கால் தாளம் பெரிதாக வேலை செய்வதில்லை. ஒரு தூக்கு சில வினாடியில் முடிகிறது. அங்கே தேவைப்படுவது தூக்குமுன் வருகிற உசார். ஆகவே சொல்லும் நினைவும்தான் முக்கியம். உங்களை எழுப்புகிற வரி எந்தப் பாட்டில் இருக்கிறதோ அந்தப் பாட்டு, அதன் தாளம் எதுவாக இருந்தாலும் சரி. ஒருவருக்கு அது பாடசாலைக் கீதமாக இருக்கலாம், இன்னொருவருக்கு உழைக்கிறவனைப் பாடுகிற பழைய பாட்டாக இருக்கலாம். ஓய்வு நிமிடத்தில் கேளுங்கள். தூக்குகிறபோது சத்தத்தைக் குறைத்து மூச்சில் கவனம் வையுங்கள். ஜிம்காரர் பெரிய ஸ்பீக்கரில் எல்லோருக்கும் ஒரே பாட்டுப் போடுகிற இடத்தில் பிடிக்காத பாட்டை ஒரு மணி நேரம் சகிப்பதைவிடச் சொந்த ஹெட்செட் கொண்டுபோவது மேல்.

பாட்டே இல்லாமல்

இதுவும் ஒரு தெரிவு, சிலருக்கு இதுதான் சரி. கல்முனைப் பக்கத்திலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற ஏ4 வீதியின் ஓரத்தில் விடியப்புறம் ஓடுகிறவர் இரண்டு காதையும் அடைத்துக்கொள்வதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டேன். பின்னால் பஸ் வருகிறது, லைட் இல்லாத சைக்கிள் வருகிறது, நாய் வருகிறது. தனியாக நடக்கிற பெண்களுக்குப் பின்னால் வருகிற காலடி கேட்கவேண்டும். வீதியோரம் என்றால் ஒரு காது மட்டும், அதுவும் சத்தம் குறைத்து. 1924இல் திறந்த பழைய பாலத்தில், 2013இல் புதுப் பாலம் வந்தபின் பெரிய வாகனங்கள் இல்லை. ஆனாலும் மோட்டார் சைக்கிள் வரும்.

போட்டிக்கு ஓடுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு காரணம் உண்டு. தடகளப் போட்டி விதிகள் ஓட்டத்தின்போது பாட்டுக் கருவிகளை அனுமதிப்பதில்லை. பாட்டோடு மட்டுமே பழகிய கால், வெபர் மைதானத்தில் வெடிச் சத்தத்துக்குப் பிறகு வருகிற நிசப்தத்தில் தடுமாறும். அவர்கள் கிழமையில் பாதி நாளாவது வெறுங்காதோடு ஓடவேண்டும். வேகப் பயிற்சியும் அந்த நாள்களில்தான், ஏனென்றால் அந்த வேகத்தில் பாட்டின் உதவி எப்படியும் குறைவு.

மூன்றாவது காரணம் வெயில். கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசுகிற மாதங்களில் அதே வேகத்துக்கு நெஞ்சு கூடுதலாக அடிக்கும். இசை களைப்பை மறைக்கிறது என்பது மற்ற நாள்களில் நன்மை, அந்த நாள்களில் ஆபத்து. தலைச்சுற்றும் குளிரும் சொல்லுகிற செய்தி காதில் விழவேண்டும். கச்சான் காலத்தில் மெதுவான பாட்டு, குறைந்த நேரம், இல்லாவிட்டால் பாட்டே வேண்டாம். கடற்கரை மணலுக்கும் இதே யோசனை. தார் ரோட்டில் பொருந்திய பாட்டை நாவலடி மணலில் போட்டு ஓடினால் மூச்சு முட்டும், ஒரு படி மெதுவான பாட்டை எடுங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு கணக்கு. 80 டெசிபெல் அளவில் கிழமைக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மூன்று டெசிபெல் கூடுகிற ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். காற்று இரைகிற பாலத்தில் அதை வெல்ல நாம் சத்தத்தைக் கூட்டுவோம். அதைவிட ஒரு காதைக் காற்றுக்கே விட்டுவிடலாம். வாவியில் பாடும் மீன் இருக்கிற ஊரில் அந்தக் காதுக்கு வேலை இல்லாமல் போகாது.

யாருக்கு எது

சர்க்கரைக்கோ பிரசருக்கோ டொக்டர் நடக்கச் சொன்ன அப்பா அம்மாவுக்கு வசந்தன் கூத்து அல்லது சிந்து, 100 முதல் 115 தட்டுக்குள். நடக்கும்போது கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகமே அவர்களுக்குச் சரி. உடம்பைக் குறைக்க விறுவிறுவென்று நடக்கிற இளையவர்களுக்கு முன்னும் பின்னும் மெல்லிசை, நடுவில் குத்துப் பாட்டும் வடமோடித் தாளக்கட்டும் கலந்து 120க்கு மேல். வீட்டுக்குள் செய்கிறவருக்குப் பைலா. ஓட்டக்காரருக்கு நீண்ட மெல்லோட்ட நாளில் பாட்டு, வேக நாளில் வெறுங்காது. குழுவாகச் செய்கிறவர்களுக்கு வாயால் பாடுவதே முதல் தெரிவு, ஸ்பீக்கர் இரண்டாவது. காந்திப் பூங்காவில் ஸ்பீக்கர் போடுகிறவர்கள் பக்கத்து வாங்கில் இருக்கிறவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவேண்டும்.

கூத்துத் தாளம் வேண்டும், நல்ல பதிவு இல்லை என்கிறவர்களுக்கு ஒரு வழி. உங்கள் ஊர்க் கூத்துப் பழக்கம் நடக்கிற களரிக்கோ, வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் வசந்தன் ஆடுகிற இடத்துக்கோ போங்கள். அண்ணாவியாரிடம் விசயத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். அரங்கேற்ற இரவில் ஒலிபெருக்கி இரையும், பழக்க நாளில் இடம் அமைதியாக இருக்கும். மத்தளத்திலிருந்து நாலைந்து அடி தள்ளிப் போனை வைத்து, பாட்டில்லாமல் தாளக்கட்டை மட்டும் மெதுவில் தொடங்கி வேகத்துக்குப் போய்த் திரும்ப இறங்கும்படி பதினைந்து நிமிடம் வாசித்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோசமாகச் செய்து தருவார்கள். அவர் உழைப்புக்கு ஏதாவது கொடுக்காமல் வரவேண்டாம். அந்தப் பதினைந்து நிமிடத்தை இரண்டு முறை ஓடவிட்டால் ஒரு நாள் நடைக்குப் போதும்.